உரலுக்குப் பதில் சொல்கிறவர்கள்

முசூசு
9 மார்ச் 2003

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

இங்கே நானும் என் கணவரும் பிள்ளைகள் இருவரும் நலம். உங்களைப் பற்றித்தான் தெரியவில்லை. முழங்கால் மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். சாப்பிட்ட பிறகுதான் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு மாலை பெண்கள் வார்டில் எனக்கு வேலை. ஒரு நோயாளியின் வானொலிப் பெட்டியில் ஊர்ப்பாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "சிரம்போ ஊர்ப் பெண்களின் உரல் பாட்டு" என்று அறிவிப்பதற்கு முன்பே உங்கள் குரல் தெரிந்துவிட்டது. வார்டே சிரித்தது. வயிற்றில் தையல் போட்டவள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிஸ்டர், யாரு அந்தக் கிழவி? யாரப் போட்டு இந்த இடி இடிக்கிறா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நான் வளர்ந்த கசுமாவிலும் கேட்டிருக்கிறார்கள். தேவாலய முற்றத்தில், எல்லார் நடுவிலும், அப்பா கேட்டிருக்கிறார். அவரை அப்பா என்று எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. பெரியப்பா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து வயதிலிருந்து என்னை வளர்த்தவர் அவர், எனக்கு வேறு அப்பா இல்லை.

ஆகஸ்டில் அவரை ஊர்த் தலைவராக அமர்த்தப்போகிறார்கள். அதுவரையாவது அந்தப் பாட்டைப் பாடாதீர்கள். வானொலிக்காரர்கள் மறுபடி வந்தால் வேறு பாட்டுக் கொடுங்கள். பேர் சொல்லவில்லையே என்பீர்கள். எங்கள் கும்வெண்டா வீட்டு வாசலில் நிற்கும் அத்திமரத்தைச் சொன்ன பிறகு பேர் எதற்கு?

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

உங்கள் மகள்
லுசுங்கு


சிரம்போ
21 மார்ச் 2003

லுசுங்குவுக்கு,

நான் நலம், உன்னைத்தான் அறியேன். பேரப்பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா? மாத்திரை இன்னும் ஆறு இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் எழுத்தே தெரியவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. உரச் சாக்கைப் பார்த்தும் ஜெபப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தும் நானே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டது. அதனால் என் எழுத்து பெரிதாக இருக்கும். பெரிதாகவே படி.

பாடுவேன்.

நீ மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டாய், உரலின் வழக்கம் மறந்திருக்கும். கணவன் வீட்டில் மருமகள் மாமனார் முன்னால் தலை நிமிரக் கூடாது, கணவனின் அண்ணனிடம் வாய் திறக்கக் கூடாது. ஆனால் கையில் உலக்கையை எடுத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் பாடலாம். யாரும் கோபப்படக் கூடாது, யாரும் பதில் சொல்லக் கூடாது. பதில் சொன்னால் அந்தப் பாட்டு பதில் சொன்னவருடையது, அதில் உள்ள குற்றமும் அவருடையது. இது நான் உண்டாக்கிய சட்டம் இல்லை. நம் ஆண்களே வைத்தது. பெண்களுக்கு இந்த ஒரு துளை போதும் என்று நினைத்து வைத்தார்கள்.

உன் அப்பா லேவி சுரங்க வேலைக்குத் தெற்கே ஜோனி நகரத்துக்குப் போனபோது நீ என் வயிற்றில். ஐந்து வருஷம் ஒரு வரி இல்லை. அவனோடு போனவர்கள் போர்வையும் பெட்டியுமாகத் திரும்பி வந்தார்கள். அவனைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்த்தார்கள். செத்தவனுக்கு அழலாம், இருக்கிறவனுக்குச் சமைக்கலாம். எனக்கு இரண்டும் இல்லை. காலையில் விதவை, மாலையில் மனைவி. அந்த நாளில் கும்வெண்டா முற்றத்தில் சோளம் இடிக்கும்போது முதல் வரி வாயில் வந்தது. நான் தேடிப் போகவில்லை. உலக்கை விழுந்தது, சொல் வந்தது. அதற்கு முன் எனக்குப் பாட வரும் என்றே தெரியாது.

அப்புறம் எசேக்கியா வந்தான், உன் பெரியப்பன். தம்பி மனைவி இனி தனக்கு என்றான். தம்பி செத்த செய்தி வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. வரும் வரைக்கும் பொறுக்கவும் அவனால் முடியவில்லை. நான் ஒத்துக்கொள்ளாததால் ஊர்க்கூட்டத்தில் "இவ என் தம்பியத் தின்னுட்டா" என்றான். மார்ச் மாத மழையில் ஒரு பானையையும் ஒரு மண்வெட்டியையும் கொடுத்து அனுப்பினார்கள். பெண் எடுக்க மாடு கொடுத்தவர்களுக்குத்தான் பிள்ளை என்பது வழக்கம், உன்னை வைத்துக்கொண்டார்கள். நான் ஆற்றைத் தாண்டி வந்தேன்.

பாட்டு இதுதான். வார்டில் சிரிப்புச் சத்தத்தில் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

மாட்டைக் கொடுத்து அழைத்தவர்களே,
மனையில் எனக்கு இடம் எங்கே?
போனவன் ஒரு சொல் எழுதவில்லை,
இருந்தவன் என்னை உறங்க விடவில்லை.
கதவை மூன்று முறை தள்ளியது காற்றா?
காற்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருமா?
அத்திமரமே, நீ பார்த்தாய்,
ஆனால் உனக்கும் வாய் இல்லை.

இதில் பொய் ஒன்று காட்டு, எடுத்துவிடுகிறேன்.

லுசுங்கு என்று, இரக்கம் என்று, உனக்குப் பேர் வைத்தவள் நான். அதை ஆற்றுக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் காட்டலாம்.

உன் தாய்
நியாஹராவா


முசூசு
14 ஏப்ரல் 2003

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்கிறேன். இருமல் விட்டுவிட்டது.

நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லப்போவதிலும் பொய் இல்லை. எனக்கு அம்மை கண்டபோது அவர் என்னை முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவமனை வரை நடந்தார், பெண்கள் கட்டுவதுபோலத் துணியால் கட்டி, வழியில் எல்லாரும் கேலி செய்யச் செய்ய. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அவர் மனைவி சொன்னபோது, அவள் வாயை அடைத்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். உங்கள் கதவைத் தள்ளியவரும் அவர்தான், என்னைத் தூக்கி நடந்தவரும் அவர்தான். இரண்டு பேராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் வழக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடந்ததை எல்லாம் பாடுகிறீர்களா, அல்லது அவர் செய்ததை மட்டும் பாடுகிறீர்களா?

உங்கள் மகள்
லுசுங்கு


சிரம்போ
6 மே 2003

லுசுங்குவுக்கு,

நான் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணுகிறேன். இந்த வருஷம் சோளம் பரவாயில்லை. நிலக்கடலையைத்தான் குரங்குகள் தின்றுவிட்டன.

வழக்குக் கொடுக்கட்டும். நீ ஏன் வேண்டாம் என்றாய்? உன் பேச்சைக் கேட்டுவிடப் போகிறானே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வானொலியில் வந்த பிறகு என் முற்றத்தில் கூட்டம். மூன்று ஊர்ப் பெண்கள் சோளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், தங்கள் வீட்டில் உரல் இல்லாதது போல. நேற்று நான்கு உலக்கை ஒரே உரலில். நியாகோண்ட்வே கேட்டாள், "அக்கா, கனைச்சுக்கிட்டு வந்த காத்து இப்ப எங்க வீசுது?"

"கோயில் முன் பெஞ்சில வீசுது" என்றேன்.

"பாத்து, மெழுகுவத்தி அணைஞ்சிடப் போவுது" என்றாள் அவள் மைத்துனி.

கசுமாவில் வாழ்க்கைப்பட்ட நியாலுஹாங்கா சொன்னாள்: "அங்க இப்ப பிள்ளைங்க எல்லாம் அந்தாளு வழியில போனா கனைக்குதுங்க. போன வாரம் ஜெபத்துல யாருக்கோ நெசமாவே சளி, கனைச்சிட்டான். பாதிரியே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

மாவில் பாதி சிரிப்பில் சிந்திப்போயிற்று.

நீ கேட்டதற்குப் பதில்: பாட்டு என்பது ஊர்க் கணக்கெடுப்பு இல்லை. உலக்கையின் அடிக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் பாடலாம். இதை எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருஷம் இடித்துத் தெரிந்துகொண்டேன்.

பேரப்பிள்ளைகளை என் பேர் சொல்லித் தடவு.

உன் தாய்
நியாஹராவா


சிரம்போ
13 ஜூன் 2003

லுசுங்குவுக்கு,

நலமா? உன் கடிதம் வராமலே நான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று வழக்கு நடந்தது. வேறு யாராவது குறைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

வட்டாரத் தலைவர் கதோண்டோவின் மன்றம். ஆண்கள் நாற்காலியில், நாங்கள் தரையில். எசேக்கியா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். நான் முழங்காலிட்டுக் கைதட்டி வணங்கினேன். எல்லாருக்கும் வணங்கினேன். அவன் பக்கம் வந்தபோது முழங்கால் வலி என்று எழுந்துவிட்டேன்.

"இந்தப் பொம்பள என் மானத்த வாங்குறா" என்றான் அவன்.

"எப்படி?" என்றார் கதோண்டோ.

"பாட்டுப் பாடி."

"பாட்டுல உம்ம பேரு இருக்கா?"

"இல்ல."

"உம்ம அப்பா பேரு, ஊரு பேரு?"

"இல்ல. அத்திமரம் இருக்கு."

"அத்திமரம் என் வீட்டு வாசல்லயும் ரெண்டு இருக்கு. நான் வழக்குக் குடுக்கலயே." மன்றம் சிரித்தது. அவர் என்னைப் பார்த்து, "நியாஹராவா, அந்தப் பாட்ட ஒரு தடவை பாடு, கேப்போம்" என்றார்.

"ஐயா, இது உக்காந்து பாடுற பாட்டு இல்ல. உரல் இல்லாமப் பாடினா நான் அவர ஏசுனதா ஆயிடும். எனக்குப் பயமா இருக்கு" என்றேன். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். கதோண்டோவின் வீட்டிலிருந்தே உரலும் உலக்கையும் வந்தன, ஒரு முறம் சோளமும் வந்தது. மன்றத்தின் நடுவில் நின்று இடித்தேன். என் வயதில் தனி உலக்கை கனம்தான். ஆனால் நேற்று அது கோழியிறகு மாதிரி இருந்தது. அவசரப்படாமல் பாடினேன். கதவு வரிக்கு வந்ததும் அதை மூன்று தடவை திருப்பிப் பாடினேன். கதவைத் தள்ளியது காற்றா, கதவைத் தள்ளியது காற்றா என்று.

மூன்றாவது தடவை அவன் எழுந்துவிட்டான். "பொய்! அந்தச் சமையக்கட்டுக்குக் கதவே கிடையாது. பாய்தான் தொங்குச்சு" என்று கத்தினான்.

எனக்குக் கை நிற்கவில்லை. இடித்துக்கொண்டே இருந்தேன். கதோண்டோ மெதுவாகத்தான் கேட்டார்: "கும்வெண்டா, தம்பி பொண்டாட்டி தூங்குற எடத்துல பாய் தொங்குனது உமக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம்தான் சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் தரையில் உருண்டார்கள். எசேக்கியாவின் மனைவி எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

தீர்ப்பு: உரல் பாட்டுக்கு வழக்கு இல்லை. உரலுக்குப் பதில் சொன்னவன் ஊர்த் தலைவராக உட்காரக் கூடாது. அவன் சித்தப்பன் மகனை உட்கார வைக்கப்போகிறார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு சோளம் எவ்வளவு இடிபட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். நல்ல நைசான மாவு. அதைக் கதோண்டோவின் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருஷம், லுசுங்கு. நேற்று இரண்டு கவளம் சிமாக் களியைக் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

உன் தாய்
நியாஹராவா


சிரம்போ
22 ஜூலை 2003

லுசுங்குவுக்கு,

நான் நலம். நீ எப்படி என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். ஜூனில் போட்டது கிடைக்கவில்லையோ என்று பேருந்துக்காரனைக் கேட்டேன். உன் கணவர் கையில் கொடுத்ததாகச் சொல்கிறான்.

எசேக்கியா தோட்டத்தில் விழுந்துவிட்டான் என்றும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வாய் கோணிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். நான் சிரிக்கவில்லை. சிரித்தேன் என்று யாராவது சொன்னால், அது முதல் நாள் மட்டும்.

சூனியம் என்று கசுமாவில் பேசுகிறார்களாம். சூனியம் தெரிந்திருந்தால் முப்பத்திரண்டு வருஷம் எதற்குச் சோளம் இடித்துக்கொண்டிருந்தேன்?

குரங்குகள் விட்டுவைத்த கடலையைக் கொடுத்தனுப்புகிறேன். பெரியவனுக்கு வறுத்தது பிடிக்கும் என்று நீ ஒருமுறை சொன்னாய்.

உன் தாய்
நியாஹராவா


சிரம்போ
3 செப்டம்பர் 2003

லுசுங்குவுக்கு,

நலம். மாத்திரை தீர்ந்துவிட்டது. அனுப்ப வேண்டாம், வலி பழகிவிட்டது.

உன் மாமாவின் பேத்திக்கு அக்டோபர் பதினெட்டு கல்யாணம். முந்தின இரண்டு நாளும் பெண்கள் கூடி மாவு இடிப்பார்கள். வருவதும் வராததும் உன் இஷ்டம். அழைக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லக் கூடாது, அதற்காக எழுதினேன்.

நியாஹராவா


முசூசு
20 செப்டம்பர் 2003

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம், ஒருவரைத் தவிர. கடலை கிடைத்தது, பிள்ளைகள் நன்றி சொல்கிறார்கள். மாத்திரை இத்துடன் இருக்கிறது.

அப்பா என் வீட்டில் இருக்கிறார். கசுமாவில் அவரைப் பார்க்க ஆள் இல்லை. அவர் மனைவி அந்த ஜூன் மாதத்திலிருந்தே தன் அண்ணன் வீட்டில். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறேன், பாதி வழிந்துவிடும். பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது, "ஆமா". பசிக்கிறதா, ஆமா. வலிக்கிறதா, ஆமா. உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அதற்கும் ஆமா. என்ன என்று கேட்டால் அதற்கும் அதேதான்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நான் எழுதாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்கும் ஓர் உலக்கை வையுங்கள்.

உங்கள் மகள்
லுசுங்கு


சிரம்போ
27 அக்டோபர் 2003

லுசுங்குவுக்கு,

நலமாக வீடு சேர்ந்திருப்பாய். நீ கொண்டுவந்த சர்க்கரை மூன்று வீட்டுக்குப் போதுமாக இருந்தது. உன் மாமா உன் கையெழுத்துப் போட்ட அன்பளிப்புச் சீட்டை எல்லாருக்கும் காட்டுகிறார்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் புதுச் செருப்பு ஒரு காலில் அறுந்துவிட்டது. அவன் ஆடி முடிக்கும் வரை யாருக்கும் தெரியாமல் ஒரு காலை இழுத்தே ஆடினான். அது புது ஆட்டம் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் இழுத்து இழுத்து ஆடினார்கள். நியாகோண்ட்வே நிறையக் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்த் தன்னையும் கட்டிக்கொள்ளச் சொன்னாள். "ஒங்களக் கட்டுனா மாடு யாருக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார்கள். "எனக்கே குடுங்கப்பா, எங்க அப்பன் தின்னது போதும்" என்றாள்.

ஆட்டுக்கறி கொஞ்சம் வேகவில்லை.

இடிக்கும்போது நீ பாடியது கேட்டது. குரல் நல்ல குரல், என் அம்மாவின் குரல். இரண்டாவது வரியில் சொல் அதிகம், உலக்கை கீழே வந்த பிறகும் உன் வாய் திறந்தே இருந்தது. அதைச் சரி செய்துகொள். மற்றபடி ஒன்றும் இல்லை.

மழை இன்னும் வரவில்லை.

உன் தாய்
நியாஹராவா


முசூசு
9 நவம்பர் 2003

அம்மாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தில் செருப்பு இருந்தது, ஆட்டுக்கறி இருந்தது, எல்லாம் இருந்தது.

ஆறு மாதம் அந்தப் பாட்டைக் கட்டினேன். வார்டில், குழாயடியில், அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது. நீங்கள் எழுதினீர்களே, உலக்கை விழுந்தது, சொல் வந்தது என்று. எனக்கு அப்படி வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் பல் பிடுங்குவது போல வந்தது. எழுதிவைக்கிறேன், நீங்களும் உங்கள் பாட்டை எழுதி அனுப்பினீர்கள் அல்லவா.

பின்னால் ஓடினேன் ஆற்றங்கரை வரை,
சேற்றில் விழுந்து எழுந்து விழுந்து ஓடினேன்.
பெற்றவள் நின்றாள், பெற்றவள் குனிந்தாள்,
தூக்கத்தான் குனிகிறாள் என்று கை நீட்டினேன்.
நிமிர்ந்தவள் கையில் கல் இருந்தது.
எறிந்தாள், என் தலையில் பட்டது.
அக்கரையில் யாருக்கோ அவள் நீதி கேட்கிறாள்,
இக்கரையில் நான் தலைமுடியை வழித்துச் சீவுகிறேன்.

தழும்பு காதுக்கு மேலே இருக்கிறது. முடியை எப்போதும் அந்தப் பக்கமாகவே பின்னுவேன், என் கணவருக்குக்கூட வெகுநாள் தெரியாது. ரத்தத்தோடு திரும்பி நடந்தேன். சாம்பலும் இலையும் வைத்துக் கட்டியவர் அப்பா. யார் அடித்தது என்று கேட்டார். விழுந்துவிட்டேன் என்றேன். ஐந்து வயதில் உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன், அதை இன்றுவரை காப்பாற்றினேன். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துத்தான் வளர்ந்தேன். சட்டியை உடைத்தேனே, அதற்காக இருக்கும் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பினேன்.

அவரை மன்றத்தில் நிறுத்தியது போல உங்களையும் நிறுத்த வேண்டும் என்றுதான் வந்தேன். ஒளிக்கவில்லை, பழி வாங்கத்தான் வந்தேன். எட்டுப் பெண்கள் நடுவில், உங்கள் எதிரில் நின்று, ஒரே உரலில் பாடினேன். நீங்கள் ஓர் அடிகூடத் தவறவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான்தான் இரண்டு தடவை உரலின் விளிம்பில் இடித்தேன். நீங்கள் சட்டத்தை நன்றாக அறிந்தவர். பதில் சொல்லாதவரைக்கும் அது யாருடைய பாட்டும் இல்லை.

இனி நான் எழுதப்போவதில்லை. மாத்திரை மாதாமாதம் பேருந்தில் வரும்.

லுசுங்கு


சிரம்போ
14 டிசம்பர் 2003

என் மகள் லுசுங்குவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் ஒரு மாதமாகப் பாயின் கீழே கிடக்கிறது. படுத்தால் முதுகில் குத்துகிறது என்று எடுத்து வேறு இடத்தில் வைப்பேன், பிறகு திரும்ப அங்கேயே கொண்டுவந்து வைப்பேன்.

பிள்ளையைக் கொண்டுபோனால் திருட்டு. கும்வெண்டாக்கள் பின்னால் வருவார்கள், என் அண்ணன் மாடுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், அவன் என்னையும் வாசலிலேயே நிறுத்திவிடுவான். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் எனக்குச் சோறு உண்டா என்றே தெரியாது. இதெல்லாம் உண்மை. முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட உண்மை. உன் பாட்டில் இதற்கு நீ இடம் விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அவன் இலையும் சாம்பலும் வைத்துக் கட்டினான் என்பது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்காக அவனை மன்னிக்க மாட்டேன். அந்தக் கட்டுப் போடும் வேலையை எனக்கு இல்லாமல் செய்தவனும் அவன்தான். அவனுக்கு நீ கஞ்சி ஊட்டு, அது உன் கணக்கு. என் கணக்கு அப்படியே நிற்கிறது.

நேற்று முற்றத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள். என் பாட்டைக் கேட்டார்கள். நான் உன் பாட்டைப் பாடினேன், முதல் வரியிலிருந்து கடைசி வரை. முடிந்ததும் நியாகோண்ட்வே வழக்கம்போலக் கேட்டாள்: "யாரு அக்கா அவ, பெத்த பிள்ளை மேலயே கல்ல விட்டவ? எந்த ஊர்க்காரி?"

"இந்த ஊர்க்காரிதான். நான்தான்" என்றேன்.

எல்லா உலக்கையும் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. நியாலுஹாங்கா தன் முறத்தை எடுத்துக்கொண்டு, அரைகுறையாக இடிபட்ட மாவோடு, சொல்லாமல் போய்விட்டாள். இன்று காலை முற்றத்துக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். நாளைக்கு எத்தனை பேர் என்று தெரியாது. வானொலிக்காரர்கள் ஜனவரியில் வருகிறார்கள். அவர்களிடமும் இதைத்தான் பாடப்போகிறேன், யார் எறிந்தது என்பதையும் சொல்லப்போகிறேன். வார்டில் உன்னை யாராவது கேட்டால் தெரியாது என்றே சொல். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உன் பாட்டில் ஒரு தவறு இருக்கிறது. அந்தப் பெண்கள் முன்னால் அதைத் திருத்தவில்லை. பாட்டு உன்னுடையது, நீதான் திருத்த வேண்டும்.

கல் ஒன்று இல்லை, இரண்டு. முதல் கல்லை உன் மேல் படாமல்தான் எறிந்தேன், நீ பயந்து திரும்பட்டும் என்று. அது உன் காலுக்கு முன்னால் சேற்றில் விழுந்தது. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடி வந்தாய்.

அப்புறம்தான் நான் இரண்டாவதைக் குனிந்து எடுத்தேன்.

அதைச் சேர்த்துப் பாடு.

உன் தாய்
நியாஹராவா